“அம்மா, எனக்கு வாந்தி வராதில்லே?”

தினமும் இராத்திரி படுக்கப் போகும்போது என் பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏழு வயதில் கேட்க ஆரம்பித்தவள், பதினேழு வயதிலும் நிறுத்தவில்லை. நானும் பத்து வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வராதுடி கண்ணு. பேசாம தூங்கு.”

கேட்டால் சிரிப்பீர்கள். ‘வாந்திக்குப் போய் ஒரு பொண்ணு பயப்படுவாளா?’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சென்ற வருஷம் ப்ளஸ் டூ முடித்து, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில், அவள் ஆசைப்பட்ட தாவரவியலுக்கு இடம் கிடைத்த அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு எனக்கு நின்றுபோயிற்று.

அன்று வீட்டில் பால் பாயசம். என் கணவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என் மாமியார் பேத்திக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். இவளோ பாயசக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, “பால் எப்போ வாங்கினதும்மா?” என்று கேட்டாள். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, நான் கோயமுத்தூர் போகலை. இங்கேயே கும்பகோணத்துல ஏதாவது காலேஜ்ல சேர்த்துடு.”

“ஏண்டி? நீதானே ஒத்தைக்கால்ல நின்னு அப்ளிகேஷன் போட்டே?”

ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேராம். ராத்திரியில யாராவது வாந்தி எடுத்தா நான் எங்கேம்மா போவேன்?”

குழாயை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுப் பேச்சாக இல்லை. கண் கலங்கியிருந்தது.

கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை

அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் இவள் உட்கார மாட்டாள், “பசியில்லை” என்பாள். பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஜன்னல் ஓரம், கையில் எலுமிச்சம்பழம், பையில் நான்கு பாலிதீன் கவர். தயிர்ப் பாக்கெட்டில் தேதியைப் பார்க்காமல் தொட மாட்டாள். முட்டையை விட்டாள், காளானை விட்டாள், பிறகு வெளியில் வாங்கும் எதையுமே விட்டாள். என் நாத்தனார் குழந்தை வயிறு சரியில்லாமல் வந்திருந்தபோது, இரண்டு நாள் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. ‘மரியாதை தெரியாத பெண்’ என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். உடம்பு இளைத்தபோது, “உன் பொண்ணு டயட்ல இருக்காளா?” என்று கேட்டார்கள். நானும் செல்லம் அதிகமாகிவிட்டது, சாப்பாட்டில் வம்பு பண்ணுகிறாள் என்றே நினைத்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்பதும் நினைவுக்கு வந்தது. ஏழு வயதில், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, புதுப் பட்டுப் பாவாடையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கண்டக்டர் சத்தம் போட்டார். பக்கத்து சீட் அம்மாள் புடவையைத் தூக்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். நானும் அவமானம் தாங்காமல், “முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை என்பதும் அன்று இராத்திரிதான் எனக்கு உறைத்தது.

“பொண்ணுக்குப் பைத்தியமா என்ன?”

முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனோம். வயிற்றில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடுவதுதானே முறை? பரிசோதனைகள் செய்தார். “வயிறு நன்றாக இருக்கிறது. பயம்தான் பெரிசாக இருக்கிறது. தஞ்சாவூரில் மனநல டாக்டர் இருக்கிறார், காட்டுங்கள்” என்றார்.

வீட்டில் சொன்னதும் என் மாமியார் கொதித்தார். “நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. மனநல டாக்டர்கிட்டே போனான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா? அவளுக்குப் பைத்தியமா என்ன?”

என் கணவர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். “அம்மா, கல்யாணம்னு சொன்னியே. அவளுக்குக் கல்யாணம் ஆகி மசக்கை வந்தா என்ன பண்ணுவா? அதை யோசிச்சியா?”

மாமியார் வாயடைத்துப் போனார். நானும்தான். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால், இந்தப் பயம் உள்ள பெண்களில் சிலர் மசக்கைக்கு அஞ்சியே குழந்தைப்பேற்றைத் தள்ளிப் போடுகிறார்கள் என்று பிறகு டாக்டரிடம் தெரிந்துகொண்டோம்.

இதற்கு ஒரு பெயரும் உண்டு. எமெட்டோஃபோபியா என்கிறார்கள். வாந்தியையும் பயத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். பாம்பைக் கண்டு, உயரத்தைக் கண்டு, ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்கள் இல்லையா? அந்த ரகத்தைச் சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல் நூலிலும் இது இடம் பெற்றிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பெரும்பாலும் சிறு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பைத்தியம் அல்ல, பிடிவாதமும் அல்ல.

சொறிந்து விட்ட கதை

தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு, அங்கேயே இருந்த மனநல ஆலோசகர் அம்மாளிடம் அனுப்பினார். நடுத்தர வயது, மெதுவான பேச்சு. என் பெண்ணிடம் கேட்டார்:

“கடைசியா எப்போம்மா வாந்தி எடுத்தே?”

“ஏழு வயசுல.”

“பத்து வருஷமா வராத விருந்தாளிக்காகத் தினம் வாசல்ல காவல் நிக்கறே. கால் வலிக்கலையா?”

என் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. “ரொம்ப வலிக்குது மேடம்” என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “அவ ‘வாந்தி வருமா’ன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?”

“வராதுன்னு தைரியம் சொல்வேன்.”

“அந்தத் தைரியம் எவ்வளவு நேரம் தாங்கும்?”

யோசித்துப் பார்த்தேன். “பத்து நிமிஷம். அப்புறம் திரும்பக் கேட்பா.”

அவர் சிரித்தார். “அப்போ அது மருந்தில்லைம்மா. அரிக்கிற இடத்துல சொறிஞ்சு விடற மாதிரி. சொறியற வரைக்கும் சுகம். கையை எடுத்தா முன்னைவிட அரிப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் அடித்ததையும் அவரிடம் சொல்லி அழுதேன். “அதனாலேதான் வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. பஸ்ல வாந்தி எடுத்து அடி வாங்காத குழந்தை எது? எல்லாருக்குமா இந்தப் பயம் வருது? சுபாவம் கொஞ்சம், சந்தர்ப்பம் கொஞ்சம். பழையதை விடுங்க. இனிமே என்ன செய்யணும்னு பார்ப்போம்” என்றார்.

பயந்தால் ஏன் குமட்டுகிறது?

அவர் விளக்கியதை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன்.

நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் பாயும். இதயம் படபடக்கும், வாய் உலரும், கை கால்களுக்கு இரத்தம் அதிகம் ஓடும். ஓட வேண்டிய நேரத்தில் ஜீரணம் எதற்கு? எனவே வயிறு தன் வேலையை மந்தமாக்கிக்கொள்ளும். அதனால் வயிற்றைப் பிசையும், குமட்டும். பரீட்சை அன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்காதது இதனால்தான்.

வாந்திக்குப் பயப்படுகிற பெண்ணுக்கு இந்தக் குமட்டலே பெரிய சத்துரு. பயத்தால் குமட்டுகிறது. ‘ஐயோ, குமட்டுதே, வரப் போகுது’ என்று இன்னும் பயப்படுகிறாள். இன்னும் குமட்டுகிறது. செக்குமாடு போல அதையே சுற்றிச் சுற்றி வருகிறாள்.

அதிலிருந்து தப்பிக்க அவள் கையாளும் உபாயங்கள்தான் எலுமிச்சம்பழம், பட்டினி, தேதி பார்ப்பது, அம்மாவிடம் கேட்பது எல்லாம். வாந்தி வராத ஒவ்வொரு நாளும் ‘எலுமிச்சம்பழம் இருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மனசு கணக்கு எழுதும். ‘பழம் இல்லாவிட்டாலும் வந்திருக்காது’ என்று கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. அதிலும் பட்டினி ரொம்பத் தப்பு. வெறும் வயிறே சிலருக்குக் குமட்டலைக் கொண்டுவரும்!

குட்டிப் பையனும் முயலும்

“இதுக்கு மருந்து உண்டா மேடம்?” என்று கேட்டேன். பயம் மிகவும் அதிகமாக இருந்தால் டாக்டர் மாத்திரையும் தருவார். ஆனால் முக்கியமான வைத்தியம் பழக்குவதுதான் என்றார். அப்போது ஒரு கதை சொன்னார். நிஜமாக நடந்தது.

நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற மனவியல் அறிஞர் இருந்தார். அவரிடம் வந்த, மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற பையனுக்கு முயலைக் கண்டால் பயம். வெள்ளெலி, ரோமக் கோட்டு, பஞ்சு என்று எல்லாவற்றுக்கும் பயம். அந்த அம்மாள் பையனைத் திட்டவில்லை. ‘முயல் ஒண்ணும் பண்ணாதுடா’ என்று உபதேசமும் செய்யவில்லை. அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்கார வைத்தார். முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறித்தாலும் பீட்டர் பேசாமல் இருந்தானாம். இதை அவர் 1924-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நடுவில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். திரும்பும் வழியில் பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய்ந்துவிட்டது. பழைய பயமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

“அந்த நாயை ஞாபகம் வச்சுக்கோ” என்றார் ஆலோசகர் என் பெண்ணிடம். ஏன் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

எங்கள் வீட்டு ஏணி

கல்லூரி திறக்கப் பத்து வாரம் இருந்தது. என் பெண்ணும் அவரும் உட்கார்ந்து, குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை ஒரு பட்டியல் போட்டார்கள். ஏணிப் படி மாதிரி.

முதல் படி, ‘வாந்தி’ என்ற வார்த்தையைத் தாளில் எழுதுவது. அவள் அதுவரை அந்த வார்த்தையை எழுதியதே இல்லையாம்! எழுதும்போது கை நடுங்கிற்று. ஐம்பது தடவை எழுதின பிறகு, “என்னம்மா, போர் அடிக்குது” என்றாள். அந்தப் ‘போர்’தான் மருந்து. பயம் ஏறிக்கொண்டே போகாது. உச்சிக்குப் போய், நாம் ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். இறங்குகிறதைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஓடிவிட்டால் அடுத்த தடவை இன்னும் அதிகமாக ஏறும்.

அடுத்த படி கார்ட்டூன் படம். பிறகு ஓக்காளச் சத்தம் மட்டும். பிறகு வீடியோ. பிறகு ஒரு விசித்திர சமையல். கஞ்சியில் மஞ்சள்தூள், கேரட் துருவல், புளித்த மோர் எல்லாம் கலந்து ஒரு சொம்பில் வைத்துக்கொண்டு, அவளே சத்தம் போட்டபடி கழிப்பறையில் கொட்ட வேண்டும். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாள், “மோர் இன்னும் புளிக்கணும்டி, வாசனை பத்தலை” என்று அவரே யோசனை சொன்னார்! வீட்டில் இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ‘வாந்தி’ என்று சொல்லிச் சிரித்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் அல்ல இது. பயந்த பிள்ளையைத் திடீரென்று தள்ளிவிடுவதும் அல்ல. படியை அவளே தேர்ந்தெடுத்தாள். ஒன்று பழகிய பிறகுதான் அடுத்தது. பழகினவர் துணையோடுதான் செய்ய வேண்டும்.

பஸ்ஸுக்கும் ஒரு ஏணி. முதலில் டவுன் பஸ்ஸில் தாராசுரம். பிறகு சுவாமிமலை. சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும், எலுமிச்சம்பழம் கிடையாது. பிறகு தஞ்சாவூர். அதுவரை ஆலோசகரிடம் வாடகைக் காரில்தான் போய் வந்தோம். ஆறாவது வாரம் பஸ்ஸில் கிளம்பினோம். பாபநாசம் வருவதற்குள் முன் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அவ்வளவுதான். என் பெண் முகம் வெளுத்து, பஸ் நின்றதும் இறங்கி ஓடிவிட்டாள். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தேம்பினாள். “எல்லாம் போச்சும்மா. நான் உருப்பட மாட்டேன்.”

‘போதும்டி, கோயமுத்தூரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்’ என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. பெற்ற வயிறு அல்லவா? அப்போது அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, இதுதான் பீட்டரோட நாய், இல்லே?” என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறித் தஞ்சாவூர் போனோம். பிறகு திருச்சி. ஒன்பதாவது வாரம், கோயமுத்தூர்.

எனக்குக் கிடைத்த பாடம்

இவளுக்கு ஏணி என்றால், எனக்கும் ஒன்று வைத்தார் ஆலோசகர். ‘வராது’ என்ற வார்த்தையை நான் இனிமேல் சொல்லக் கூடாது. அவள் கேட்டால் சொல்ல வேண்டியது: “வரலாம், வராமலும் போகலாம். வந்தா சமாளிச்சுக்குவே.”

எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் நாள் இராத்திரி அப்படிச் சொன்னபோது, “உனக்கு என் மேல பாசமே இல்லை” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சமையலறையில் போய் அழுதேன். ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டது ஐந்தாயிற்று. எப்படியும் பதில் கிடைக்காது என்றால் கேட்பானேன்?

‘வராது’ என்று நான் சொன்னபோதெல்லாம், வந்தால் அவளால் தாங்க முடியாது என்றும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஹாஸ்டலுக்கு அனுப்பும் முன்

நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

வார்டனிடம் முன்னதாகவே விஷயத்தைச் சொன்னோம். சலுகை கேட்கவில்லை, தெரிந்திருந்தால் போதும் என்றோம். அறைத் தோழிகளிடம் அவளே சொன்னாள். ஒருத்தி, “எனக்குப் பல்லின்னா இப்படித்தான்” என்றாளாம்.

பெட்டியில் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, சோப்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி. பாலிதீன் கவர் கட்டும் எலுமிச்சம்பழமும் வைக்கவில்லை. வாந்தி நிறுத்தும் மாத்திரையும் வைக்கவில்லை. டாக்டர் சொல்லாமல் தாயத்து போல அதைத் தினம் விழுங்கும் பெண்கள் இருக்கிறார்களாம். கை கழுவுவது சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்பு போட்டு. அது எல்லோருக்கும் வேண்டிய சுத்தம். அதற்கு மேல் தோல் உரியக் கழுவுவது பயத்தின் வேலை.

காலைச் சாப்பாட்டை விடக் கூடாது; பிடிக்காவிட்டாலும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். மெஸ்ஸில் வைத்ததை முகர்ந்து பார்க்காமல் சாப்பிட வேண்டும்.

போன் தினம் ஒரு தடவை, இராத்திரி எட்டு மணிக்கு. ‘வயிறு ஒரு மாதிரியா இருக்கு’ என்று நடுவில் மெசேஜ் வந்தால் நான் உடனே பதில் போடக் கூடாது. இது அவளே வைத்த நிபந்தனை. முதல் மாதம் வீட்டுக்கு வருவதில்லை என்பதும் அவளே வைத்ததுதான்.

இராத்திரி ஒன்றரை மணிக்கு

இரண்டாவது மாதம். இராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. பதறி எடுத்தேன்.

“அம்மா... ரூம்ல ஒருத்தி வாந்தி எடுக்கறா. நான் வராந்தாவுல நிக்கறேன். கை காலெல்லாம் நடுங்குது.”

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். ‘காலையில முதல் பஸ்ல கிளம்பி வா’ என்று சொல்லத்தான் மனசு துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

“சரி. எவ்வளவு நேரமா நிக்கறே?”

“பத்து நிமிஷம்.”

“பயம் எவ்வளவு, பத்துக்கு?”

“பத்து... இல்லே, ஒன்பது.”

“சரி, நில்லு. நான் போனை வைக்கறேன். நீ பார்த்துக்குவே.”

வைத்துவிட்டேன். சகோதரிகளே, அந்தப் போனை வைத்ததுதான் நான் என் பெண்ணுக்காகச் செய்த காரியங்களிலேயே கஷ்டமானது. பிரசவ வலிகூட இப்படி இல்லை. விடியும் வரை நானும் அவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

காலை ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

“முக்கால் மணி நேரம் வெளியிலேயே நின்னேம்மா. அவளுக்கு நான் ஒண்ணும் செய்யலை. தலையைக்கூடப் பிடிக்கலை. மத்தவங்கதான் பார்த்தாங்க. அப்புறம் உள்ளே போனேன். நான் கொண்டு போன உப்பு சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். என் கட்டில்லயே படுத்தேன். தூங்கினேனான்னு தெரியலை. ஆனா வீட்டுக்கு வரலை.”

“சாப்பிட்டியா?”

“ரெண்டு இட்லி.”

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மாமியார் பக்கத்திலிருந்து, “என்னவாம்?” என்றார். “ரெண்டு இட்லி சாப்பிட்டாளாம்” என்றேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் குழந்தை வாந்தி எடுக்கும்போது உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறது. மூக்கைப் பிடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். நெற்றியைத் தாங்கிப் பிடியுங்கள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுங்கள். “ஆச்சு, வயிறு லேசாயிடுச்சு” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கெட்டது ஏதாவது உள்ளே போனால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளில் வாந்தியும் ஒன்று. சத்துரு அல்ல.

அதே சமயம், எல்லா வாந்தியையும் ‘பயம்’ என்று தள்ளிவிடவும் கூடாது. வாந்தியில் இரத்தமோ பச்சை நிறமோ தெரிந்தால், கடுமையான வயிற்று வலியோ தலைவலியோ சேர்ந்து வந்தால், குடித்த தண்ணீர்கூடத் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், குழந்தை துவண்டுபோனால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். உப்பு சர்க்கரைப் பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டிய அளவாகப் போட்டுக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வாந்திக்கு அஞ்சியே ஒரு பெண் சாப்பாட்டைக் குறைக்கிறாள், பயணத்தைத் தவிர்க்கிறாள், எடை இறங்குகிறாள் என்றால், ‘வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்’ என்று இருக்காதீர்கள். நான் பத்து வருஷம் இருந்தேன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022-இல் ஆரம்பித்த ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை; எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

என் பெண் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பயம் ஓடியே போய்விட்டது என்று சொன்னால் பொய். செடி கொடி பார்க்க வகுப்போடு ஊட்டி மலைக்குப் போய் வந்தாள். மலைப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாளாம். காளானை இன்னும் தொடுவதில்லை. சில நாள் இராத்திரி எட்டு மணிப் போனில், எல்லாம் பேசி முடித்த பிறகு, பழைய கேள்வி எட்டிப் பார்க்கும்.

“அம்மா, எனக்கு வாந்தி வராதில்லே?”

“தெரியலையேடி கண்ணு” என்கிறேன்.

“சரி. நாளைக்குப் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாள்.